மீட்பு எனும் சொல்: பம்பாய் நாய்களின் இருநூறு ஆண்டுகள்

(நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் முழுதும் படிக்க வேண்டுகிறேன்.)

சென்ற மழைக்காலத்தில், வாஷியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாயிலருகே ஒரு பெண் நாய் வந்து ஒதுங்கியது. உடம்பில் மயிர் என்று சொல்ல ஏதுமில்லை. சொறி முற்றித் தோல் தடித்து, வெடித்து, சாம்பல் நிறம் கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு. எவரோ ஒருகாலத்தில் கட்டி வளர்த்தார்கள் என்பதற்கு அது ஒன்றே சான்று. இரண்டு நாள் கழித்து இளைஞர் மூவர் வலையோடும் ஒரு டெம்போவோடும் வந்து அதைத் தூக்கிச் சென்றனர். ஏழு வாரம் சென்றபின் அதே டெம்போவில் கொணர்ந்து அதே வாயிலில் இறக்கிவிட்டனர். செம்பழுப்பு நிறத்தில் புதுமயிர் முளைத்திருந்தது; கருத்தடை ஆனதற்கு அடையாளமாக ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. எங்களில் பாதிப்பேர் அது அதே நாய்தான் என்று நம்பவில்லை. மீதிப்பேருக்குச் சினம்.

எதிர்வீட்டு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, இவ்வளவு செலவழிச்சுக் குணப்படுத்தினவா, எங்கேயாவது ஒரு ஷெல்டர்ல கொண்டு விடப்படாதோ? மறுபடி நம்ம வாசல்லயே கொண்டுவந்து விடுவானேன்?”

மாமா இரக்கமற்றவர் அல்லர். அவருடைய பேரன் இரண்டாண்டுக்கு முன் கடிபட்டு ஐந்து ஊசி போட்டுக்கொண்ட பையன். கேள்வி நேர்மையானது. அன்று என்னால் தக்க விடை கூற இயலவில்லை. அதற்குப் பின்னான சில மாதங்கள், ஆய்வேட்டுக்கு ஒதுக்கவேண்டிய நேரத்தில் ஒரு பகுதியை இந்தக் கேள்விக்கு ஒதுக்கினேன். அவருடைய கேள்விக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு என்பதையும், அதை முதன்முதலில் பெருங்குரலில் கேட்ட இந்திய நகரங்களில் ஒன்று பம்பாய் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

1

வாஷிப் பாலத்தைக் கடந்து, மான்குர்டு தாண்டி, தென் மும்பை செல்லும் விரைவுச்சாலையில் ஏறுவோர் ‘பாஞ்சராபோள்’ என்ற பெயர்ப்பலகையைக் காணாமல் இருக்க முடியாது. 2013இல் திறக்கப்பட்ட கிழக்கு விரைவுச்சாலையின் ஒரு பகுதிக்கே ஆணிக்–பாஞ்சராபோள் இணைப்புச் சாலை என்று பெயர். செம்பூர், கோவண்டிப் பக்கத்துத் தமிழர் நாள்தோறும் அந்தப் பெயரைச் சொல்லியே பேருந்து ஏறுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அதை வெறும் நிறுத்தத்தின் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன்.

குஜராத்தியில் ‘பாஞ்சரா’ என்றால் கூண்டு. ‘போள்’ என்றால் வாயிலோடு கூடிய அடைப்புத் தெரு. அகமதாபாத்தின் பழைய நகரமே போள்களால் ஆனது. முன்பாதி நமக்கும் புதிதன்று. கிளிக்கூண்டைக் குறிக்கும் ‘பஞ்சரம்’ தமிழ் அகராதிகளில் உள்ளது. கோயில் விமானத்தின் உறுப்புகளைப் படித்தோர் கூடம், சாலை, பஞ்சரம் என்ற வரிசையை அறிவர். ஆகப் பாஞ்சராபோள் என்பது கூண்டுத்தெரு. பொருளால், ஆதரவற்ற விலங்குகளை அடைத்துக் காக்கும் இல்லம்.

இத்தகைய இல்லங்கள் குஜராத்தில் மிகப் பழையவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியா வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், காம்பே நகரில் நொண்டி நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் மருத்துவமனைகள் இருந்ததை வியப்போடு குறித்திருக்கிறார். சமணரும் வைணவ வணிகரும் போற்றிவந்த அந்த வழக்கம் பம்பாய்க்கு வந்து சேர்ந்த கதையில் நாய்களுக்கே முதன்மையான இடம்.

2

1813இல் பம்பாய் அரசு ஒரு விதி இயற்றியது. வெறிநாய்க்கடிக்கு அஞ்சி, ஆண்டில் இரு பருவங்களில் (ஏப்ரல் 15 முதல் மே 15 வரையும், செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையும்) உரியவரற்ற நாய்களைக் கொல்லலாம் என்பது விதி. 1832இல் கோடைக்காலக் கெடு ஜூன் 15 வரை நீட்டிக்கப்பட்டது. கொல்லப்படும் நாய் ஒன்றுக்கு எட்டணா கூலி.

எட்டணா என்பது அன்றைய கூலியாளுக்குச் சிறு தொகை அன்று. தெருவில் திரியும் நாய் ஓடிவிடும். வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் நாயைப் பிடிப்பது எளிது. எனவே பிடிப்போர் வீட்டு முற்றங்களுக்குள்ளும் நுழைந்தனர். நாய்க்கு உரியவர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, அதைக் கொன்றால் கூலி பெறுபவர் கையிலேயே இருந்தது. விதியின் அடிப்படைப் பிழை இதுவே.

1832 ஜூன் 6 அன்று கோட்டைப் பகுதியில் ஏறத்தாழ 200 பார்சிகள் கூடி, நாய் பிடித்த காவலரைத் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. பார்சிகளோடு இந்து, சமண, இஸ்மாயிலி வணிகரும் சேர்ந்துகொண்டனர். கொலாபாவிலிருந்த படைவீடுகளுக்குச் செல்லவேண்டிய உணவுப் பொருள்கள் தடுக்கப்பட்டன. படை அழைக்கப்பட்டது, கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது, பலர் கைதாயினர். பம்பாய் வரலாற்றில் இது ‘நாய்க் கலகம்’ எனப்படுகிறது.

பார்சிகள் ஏன் முன்னின்றனர்? சரத்துஸ்திர சமயத்தில் நாய் தூய விலங்கு. இறந்தவரின் உடலை நாய் நோக்கவேண்டும் என்ற ‘சக்தீத்’ சடங்கு அவர்களிடம் உண்டு; மறுமைப் பாலத்தருகே நாய்கள் காவல் நிற்கும் என்பதும் அவர்தம் நம்பிக்கை. ஆயினும் சமயத்தை மட்டுமே காரணமாகக் கூறுவது போதாது. அரசின் ஊழியர் உத்தரவின்றி வீட்டு முற்றத்தில் கால்வைக்கலாமா என்ற கேள்வியும் அந்தக் கலகத்தில் இருந்தது. ஆங்கிலேயருக்கு மிக நெருக்கமான, மிகவும் ‘அடங்கிய’ சமூகம் என்று கருதப்பட்டவர்கள் கல்லெடுத்தார்கள் என்பதே அரசைத் திடுக்கிட வைத்தது.

கலகம் அடங்கிய பின் பெருவணிகர் ஜம்சேத்ஜி ஜீஜீபாய் முதலியோர் மனுக்களோடு முன்வந்தனர். தமிழர் பலர் அறிந்த ஜே.ஜே. மருத்துவமனை அவர் பெயரால் விளங்குவதே. மனுவின் சாரம்: நாய்களைக் கொல்லவேண்டா, நகரிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

1834இல், ஜம்சேத்ஜியும், பைகுல்லாவின் சமணக் கோயிலைக் கட்டிய மோதிசா எனும் மோதிசந்த் அமிசந்தும் முன்னின்று, புலேஷ்வரில் பம்பாய் பாஞ்சராபோளை நிறுவினர். சுடப்படும் நாய்களுக்கும் பன்றிகளுக்கும் புகலிடம் தருவதே தொடக்க நோக்கம். அதே வகைக் காப்பகத்தின் பெயர்தான் செம்பூர்ப் பக்கத்துச் சந்திப்புக்கும் ஒட்டிக்கொண்டது.

மாமாவின் கேள்விக்கு இதைவிடப் பழைய விடை இந்நகரில் இல்லை. “எங்கேயாவது ஒரு ஷெல்டரில் கொண்டு விடலாகாதா?” விட்டார்கள், 1834இலேயே.

3

பாஞ்சராபோளைக் குறைத்து மதிப்பிட நான் துணியேன். அன்றைய உலகில் இலண்டனிலோ பாரிசிலோ தெருநாய்க்கு இப்படியொரு வாழ்வுரிமையை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. புலேஷ்வரில் அந்த இல்லம் இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே பசுக்களே பெரும்பான்மை. ஆனால் வரலாற்று மாணவர் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. நாய்களை அப்புறப்படுத்தியதால் பம்பாயில் நாய்ச் சிக்கல் தீர்ந்ததா?

தீரவில்லை. பாஞ்சராபோள் பிறந்து 160 ஆண்டுகள் வரை இந்நகரில் நாய்க்கொலை ஓயவில்லை. பிற்காலத்தில் மாநகராட்சி நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. அகற்றலால் பயன் விளைந்திருந்தால் அவ்வளவு காலம் கொல்லவேண்டிய தேவையே எழுந்திராது.

காரணம் எளியது. நாய் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு வாழும் விலங்கு. ஓர் எல்லையில் எத்தனை நாய் வாழும் என்பதை அங்கே கிடைக்கும் உணவே தீர்மானிக்கிறது. குப்பையும் எச்சிற்சோறும் இருக்கும்வரை, பத்து நாய்களை அகற்றினால் அடுத்த தெருவிலிருந்து பத்து நாய்கள் வரும். பெண் நாய் ஆண்டுக்கு இருமுறை வரை ஈனக்கூடியது. உணவு மிகுந்து போட்டி குறைந்த இடத்தில் குட்டிகள் பிழைப்பதும் மிகுதி. புதிதாக வந்தவற்றுக்கு நம்மையும் தெரியாது, தடுப்பூசியும் இருக்காது. கூண்டுக்கோ எல்லை உண்டு. எவ்வளவு பெரிய காப்பகமும் சில நூறு நாய்களில் நிறைந்துவிடும். நிறைந்தபின் அதில் நோய் பரவும்.

4

ஆனால் 1813இல் விதி எழுதியவர்களை வெறும் கொடியவர்களாகக் காட்டுவது வரலாறு ஆகாது. வெறிநாய்க்கடி என்றால் அன்று சாவு என்றே பொருள். நோய் வெளிப்பட்டபின் மருந்து இல்லை என்ற நிலை இன்றும் பெரிதும் மாறவில்லை. வேறுபாடு ஒன்றுதான்: கடிபட்டவுடன் ஊசி போட்டால் இன்று பிழைக்கலாம்.

பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி செலுத்தியது 1885இல். தென்னிந்தியாவில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் மருந்து கிடைக்காமல் வெறிநாய்க்கடியால் இறந்த லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் எனும் பெண்மணியின் மறைவே அதற்குத் தூண்டுகோல். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய நரம்புத்திசு மருந்துதான் நம் பாட்டன்மார் நடுக்கத்தோடு நினைவுகூரும் ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’. இந்தியா அதைக் கைவிட்டது 2004இன் இறுதியில்தான்.

இன்றும் அச்சத்துக்கு இடமில்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நடத்திய அண்மைய ஆய்வொன்று, நாட்டில் ஆண்டுக்கு 91 இலட்சம் விலங்குக் கடிகளும் ஏறத்தாழ 5,700 வெறிநோய்ச் சாவுகளும் நிகழ்வதாக மதிப்பிடுகிறது. இறப்போரில் பெரும்பாலோர் ஏழைகள், குழந்தைகள் பலர். காரில் செல்வோரை நாய் துரத்துவதோடு சரி. விடியுமுன் நடந்து வேலைக்குச் செல்வோரைத்தான் கடிக்கும். நாய்மீது அன்பு கொண்டோர் இந்த உண்மையை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்ளாத அன்பை மாமாவிடம் கொண்டுபோய் நிறுத்த இயலாது.

பம்பாயில் விலங்கு மருத்துவமும் இக்காலத்திலேயே வேர்கொண்டது. 1874இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. பரேலில் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை 1883இல் உருவானது. அடைத்துக் காத்தலோடு நோய்தீர்த்தலும் சேர்ந்தது. ஆனால் தெருநாய் மட்டும் ஒருபுறம் மருத்துவமனைக்கும் மறுபுறம் கொலைக்கூடத்துக்கும் இடையே நின்றது.

5

மூன்றாம் வழி பிறந்தது சென்னையில்.

1959இல் சென்னையில் பெருமழை. விமானி கேப்டன் வே. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்குக் கொணர்ந்தார். அவருடைய துணைவியார் உஷா சுந்தரமும் விமானி. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பெண் விமானிகளுள் ஒருவர். அந்தக் குடும்பம் தொடங்கியதே இந்திய புளூ கிராஸ். 1964இல் அவ்வமைப்பு மாநகராட்சியின் முன் ஒரு திட்டத்தை வைத்தது: நாய்களைக் கொல்லாதீர்கள், பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள்.

‘திரும்ப விடுங்கள்’ என்பதே அதன் உயிர்நாடி. கருத்தடையும் ஊசியும் பெற்ற நாய் தன் எல்லையில் இருந்தால் அந்த இடம் வெற்றிடமாவதில்லை, வெளிநாய்கள் வருவதில்லை, ஈற்றும் இல்லை. ஒரு வட்டாரத்து நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி எட்டிவிட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மாநகராட்சி அந்தத் திட்டத்தை ஏற்க முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. சென்னை 1996இல் ஏற்றது. பம்பாயில் 1994இல் கொலை நின்று கருத்தடைத் திட்டம் தொடங்கியது. 1998இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 2001இல் நாடு முழுமைக்குமான விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

பயன் என்ன? 2014இல் மும்பை மாநகராட்சி எடுத்த கணக்கில் தெருநாய்கள் ஏறத்தாழ 95,000. பத்தாண்டு கழித்து 2024இல் ஏறத்தாழ 90,000. மக்களும் குப்பையும் பெருகிய பத்தாண்டில் இது பெருக்கம் தடுக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. மாயம் ஏதும் நிகழவில்லை. அண்டை மாநிலமான கோவாவின் கதை இன்னும் தெளிவு. திட்டமிட்டுப் பெருந்திரளாகத் தடுப்பூசி போட்ட அம்மாநிலம் 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. முறையாகச் செய்த இடத்தில் முறை பலித்திருக்கிறது. செய்யாத இடங்களில் தோற்றது முறை அன்று, நிருவாகம்.

6

மொழியியல் மாணவன் என்ற உரிமையில் இங்கே சில சொற்களைத் தொட்டுச் செல்கிறேன்.

இந்தியில் தெருநாய் ‘ஆவாரா’, மராத்தியில் ‘பட்கா’. இரண்டும் அலைந்து திரிதலைச் சுட்டுவன. ஆங்கிலச் சொல்லும் வழிதவறியதையே குறிக்கும். தமிழ்ச்சொல் அப்படியன்று. ‘தெருநாய்’ என்பது தெருவின் நாய். ‘ஊர்நாய்’ ஊரின் நாய். வீட்டுநாய்க்கு வீடு எப்படியோ அப்படியே அதற்குத் தெரு. உரியவர் இல்லாமையைச் சுட்டாமல் உரிய இடத்தைச் சுட்டிப் பெயரிட்டது நம் வழக்கு. இதற்காக நாம் நாய்க்கு நல்லவர்கள் என்று மார்தட்டவேண்டியதில்லை. வசைக்கு முதலில் நாவில் வருவதும் நாய்தான். மாணிக்கவாசகரே தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயைத்தான் துணைக்கு அழைப்பார். ஆனாலும் தொல்காப்பிய மரபியல், நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்ற ஒரே பெயரைத் தருகிறது. இலக்கணத்தில் நாய்க்குட்டியும் புலிக்குட்டியும் ஒரே நிரை.

2023ஆம் ஆண்டு விதிகள் தெருவிலங்குக்குப் புதுப்பெயர் ஒன்று தந்தன. அதைத் தமிழில் பெயர்த்தால் ‘சமூக விலங்கு’ என்றே வரும். பள்ளிப்பாடத்தில் நாம் மனிதனுக்குக் கொடுத்த பெயரும் அதுவே என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இனி ‘மீட்பு’. ‘மீள்’ என்றால் திரும்பி வருதல். அதன் பிறவினையே மீட்டல், திரும்பக் கொணர்தல். அடகு நகையை மீட்டேன் என்றால், ஒரு வட்டிக்கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாற்றினேன் என்று எவரும் பொருள்கொள்ளார். நகை வீட்டுக்கு வந்தால்தான் மீட்பு. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற தொடர் மீண்டும் மீண்டும் வரும்: கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையைத் தன் ஊருக்குத் திருப்பிக் கொணரும் பூசலில் இறந்தவன்.

அதே செங்கம் பகுதியில், எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்றுண்டு. எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் அருகே ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல் சொல்கிறது. அரசன் பெயர் பொறித்த அதே கல்லில் நாயின் பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு மீட்புப் பூசல் ஒன்றில் நாய் காக்கும் பக்கம் நின்றது.

மீட்பு என்ற சொல்லை நாம் இன்று நாய்க்குப் பயன்படுத்தும்போது, அப்புறப்படுத்தலையும் அதே சொல்லுக்குள் ஒளித்துவைக்கிறோம். 1832இல் மனு எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த குழப்பமும் அதுவே.

7

இந்தக் குழப்பம் நாயோடு நிற்பதில்லை என்பதைத் தாராவியில்தான் உணர்ந்தேன்.

தொண்ணூறடிச் சாலையில் இட்டலி வியாபாரம் செய்யும் திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவரை என் ஆய்வுக்காக அவ்வப்போது சந்திப்பேன். பம்பாய்த் தமிழில் நெல்லை வழக்கு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது என் கேள்விகளில் ஒன்று. விற்காமல் எஞ்சிய இட்டலி அவர் வாசலில் படுக்கும் மூன்று நாய்களுக்கு. மூன்றுக்கும் காதுநுனி வெட்டு உண்டு. பிடிக்க வருவோரிடம் அவரே நாய்களைப் பிடித்துக் கொடுத்து, திரும்ப விடும் நாளை விரலில் எண்ணிக்கொண்டு காத்திருப்பார். வாஷியின் கதையை அவரிடம் சொன்னேன்.

“எய்யா, நாய்க்கு ஊரு ஏதுய்யா? சோறு போட்ட வாசல்தான் அதுக்கு ஊரு. கொண்டுபோயி வேற எங்கயாச்சும் விட்டா அங்க உள்ளது இத அடிச்சே கொன்னுரும்லா.” சற்று நிறுத்தி, “எங்களையும் எங்க கொண்டு விடப்போறாவளோ” என்றார்.

தாராவியில் கணக்கெடுப்பு நடந்துவந்த நேரம் அது. மறுமேம்பாட்டில் ‘தகுதியற்றோர்’ எனக் கணிக்கப்படுவோருக்கு வெளியே வீடு. அதற்கென 2024இல் மாநில அரசு ஒதுக்கிய நிலங்களுள் தேவ்னார்க் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் உண்டு. 1927 முதல் இந்நகரின் குப்பை சென்று சேரும் மேடு அது. பாஞ்சராபோள் சந்திப்புக்கு எட்டும் தொலைவு. பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் பெயர்க்கப்பட்டு வந்து சேர்ந்ததும் அதே தேவ்னார். நகரம் தனக்கு வேண்டாதவற்றை எல்லாம் எந்தத் திசையில் தள்ளியது என்பதற்கு வரைபடமே சான்று. கழிமுகத்துக்கு அப்பால் உள்ள எங்கள் வாஷியும், பம்பாயின் நெருக்கடியை வெளியேற்றுவதற்காக 1970க்குப் பின் எழுந்த நகரந்தான்; சந்தைகளை இங்கே பெயர்த்தார்கள், அவற்றின் பின்னே நாம் வந்தோம்.

சொறிநாய்க்கு மருந்திட்டுத் தேற்றுவதற்கும் ‘மறுவாழ்வு’ என்கிறோம். குடிசைவாசியை அடுக்ககத்துக்கு மாற்றும் ஆணையத்தின் பெயரிலும் அதே ‘மறுவாழ்வு’. மனிதரையும் நாயையும் ஒப்பிடுவது என் நோக்கமன்று; அந்த அம்மாவே ஒப்பிட்டார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நான் சொல்வது இவ்வளவே: ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்த்துவிட்டு அதற்கு வாழ்வு தந்தோம் என்று சொல்லும் பழக்கம் இந்நகருக்கு நெடுநாளாக உண்டு.

8

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, தில்லிப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவும் திரும்ப விடாதிருக்கவும் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22இல் மூவர் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுக, வெறிநோய் கொண்டவையும் கடிக்கும் இயல்பினவும் மட்டும் விலக்கு. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றித் திரும்ப விடாதிருக்க மற்றோர் ஆணை. மூன்று மாதத்துக்குள் நாடு 1813, 1834, 1964 ஆகிய மூன்று மனநிலைகளுக்கிடையே முன்னும் பின்னும் நடந்ததை நான் அப்படித்தான் படித்தேன்.

மருத்துவமனைப் படுக்கையருகே நாய் திரியலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவமனையின் பின்புறம் உணவுக்கழிவு குவிந்திருக்கும்வரை, அகற்றிய நாயின் இடத்துக்கு அடுத்த நாய் வரும், காதுநுனி வெட்டுப்படாத நாய்.

மாமாவுக்கு என் விடை இதுதான். அந்த நாயை நம் வாசலில் திரும்ப விட்டது நாய்க்காக மட்டும் அன்று; உங்கள் பேரனுக்காகவும்தான். ஊசி போட்ட, ஈனாத, நம்மை அறிந்த ஒரு நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதே நமக்குக் கிடைக்கக்கூடிய காவல். அதற்கு ஆண்டுதோறும் மறு ஊசி போடவேண்டும்; குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும்; உணவிடுவோர் குழந்தைகள் விளையாடும் இடம் தவிர்த்து ஓரிடத்தில் இடவேண்டும்; பேரனுக்கு, உறங்கும் நாயையும் உண்ணும் நாயையும் தொடலாகாது என்று சொல்லித்தரவேண்டும். கூண்டைவிட இது கடினம். கூண்டு ஒருமுறைச் செலவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இருநூறாண்டுக் கணக்கு அப்படிக் காட்டவில்லை.

இதை அவரிடம் நேரிலும் சொன்னேன். முழுதும் ஒப்பினார் என்று சொல்லமாட்டேன். “படிச்சவா சொல்றேள்” என்று மட்டும் சொன்னார். போன ஞாயிறு தடுப்பூசி போட அந்த இளைஞர்கள் வந்தபோது, நாய் டெம்போவைக் கண்டதும் மிரண்டு மாமாவின் ஸ்கூட்டருக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. அவர்தாம் குனிந்து, ஒரு பிஸ்கட்டை நீட்டி, அதை வெளியே வரவழைத்தார்.